35 நாள் லீவும் ஒரு கொல்லைப்புற வேலையும்

இந்த முறை ஊருக்குப் போனது ஓய்வுக்காக இல்லை. அம்மா தனியாக இருக்கிற வீட்டில், பின்வாசலிலிருந்து துவைக்கிற கல்லுக்குப் போகும் பாதை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. போன வருஷம் அங்கே ஒருமுறை கால் இடறி விழுந்திருக்கிறார். எனக்கே ஒரு மாதம் கழித்துதான் தெரிந்தது. கையில் இருந்த 35 நாள் லீவில் கொல்லையைச் சமப்படுத்தி, பேவர் பிளாக் போட்டு, பின்வாசலில் படிக்குப் பதிலாகக் கைப்பிடியோடு ஒரு சாய்தளம் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

காண்ட்ராக்டரைக் கிளம்புவதற்கு முன்பே வீடியோ காலில் பேசி முடிவு செய்தாகிவிட்டது. தெரிந்தவர் மூலமாக வந்தவர். அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். மொத்தத் தொகை, மூன்று தவணை, 18 நாளில் வேலை முடியும் என்று எல்லாமே வாய்ப்பேச்சு. எழுத்தில் இருந்தது வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய மொத்தத் தொகை மட்டும். அந்தத் தொகைக்குள் என்னென்ன வேலை அடங்கும், எது அடங்காது என்று ஒரு வரி கிடையாது. வெளிநாட்டில் உட்கார்ந்து ஊர் வேலையை நடத்துகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் தொடங்குகிறோம்.

நான் செய்த பெரிய தவறு வேறு. பேச்சோடு பேச்சாக என் டிக்கெட் தேதியைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு எல்லாமே அந்தத் தேதியை வைத்துத்தான் நடந்தது. "நீங்க கிளம்புறதுக்குள்ள முடிக்கணும்னா கையால தோண்ட முடியாதும்மா. ஆறு நாள் ஆகும். ஜேசிபி விட்டா ஒரே நாள்" என்றார். சரி, ஜேசிபியே விடுங்கள் அண்ணே என்று நான்தான் சொன்னேன். வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். பிற்பாடு தகராறு வந்தபோது அவர் முதலில் எடுத்துப் போட்டுக் காட்டியது அதைத்தான்.

வேலை என்னவோ வேகமாகத்தான் நடந்தது. இரண்டாவது நாள் மண் வழித்தார்கள், அடுத்த நாளே கிரஷர் தூளைக் கொட்டி இடித்தார்கள். சாய்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு, ஈரச்சாக்கு போர்த்தி, பத்து நாள் விடாமல் தண்ணீர் காட்டினார்கள். கான்கிரீட் ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுவைத்தான் எட்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்கிற முழு வலு 28 நாளில்தான். இதை அவரே எனக்கு விளக்கி, அதுவரை கனமான எதையும் ஏற்றவேண்டாம் என்றார். அந்தச் சாய்தளத்தில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. கைப்பிடி அம்மாவின் கைக்குச் சரியாக எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. அவரை நிற்க வைத்து அளந்தார். தெரிந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிற மனிதர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

19வது நாள் காலையில் சமையலறையின் பின்சுவரில், உள்பக்கம், முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. இரண்டு நாள் கழித்து சம்ப் (தரைக்கடித் தொட்டி) தண்ணீரில் நாற்றம்.

காண்ட்ராக்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "பழைய வீடு அக்கா. இந்த ஈரம் முன்னாடியே இருந்திருக்கும், இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது" என்றார். முன்பு இல்லை என்று அம்மா சொன்னார். இருந்தது என்று அவர் சொன்னார். வேலை தொடங்குவதற்கு முன் அந்தச் சுவரை நான் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்தப் பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கொல்லையை மட்டும் எடுத்திருந்தேன், அதுவும் வேலை முடிந்த பிறகு எவ்வளவு அழகாக மாறியது என்று பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காக. சேதம் என்று வரும்போது உதவுகிற படம் வேறு. சுவரின் அடிப்பாகம், தரை ஓரம், சேம்பர் (கழிவுக் குழாய்கள் சேரும் குழி) மூடிகள், மரத்தின் அடி, காம்பவுண்டில் ஏற்கெனவே இருக்கிற விரிசல் எல்லாவற்றையும் பக்கத்தில் அளவு டேப்பை வைத்து எடுக்க வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியையும் எழுதிவிட்டால், அது பழசா புதுசா என்ற கேள்வியே வராது.

அன்று இரவு எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. மீதிப் பணத்தைத் தரமாட்டேன், வேறு ஆளை வைத்துச் சரிசெய்கிறேன் என்று நான் குதித்தேன். மீதி என்று என்ன இருந்தது? நூற்றில் எண்பது பங்கு ஏற்கெனவே அவர் கைக்குப் போய்விட்டது. வேலை எந்த அளவுக்கு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பணம் போயிருக்க வேண்டும், கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அம்மா சொன்னது வேறு. "நீ பிளைட் ஏறிடுவ. ராத்திரி மோட்டார் நின்னா நான் அவனைத்தான் கூப்பிடணும்." அந்த ஒரு வாக்கியம் என் கோபத்தை அப்படியே நிறுத்தியது. சண்டை போட்டுவிட்டு நான் போய்விடலாம். அதன் மிச்சத்தோடு அங்கே வாழப்போகிறவர் அம்மா.

மறுநாள் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். காண்ட்ராக்டருக்குத் தெரியாதவர், எனக்கும் தெரியாதவர், பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கட்டணம் வாங்குகிறவர். இந்தப் பயணத்தில் நான் செலவழித்ததிலேயே மிகச் சரியாகச் செலவழித்தது அதுதான். தவறு யாருடையது என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிப்போம் என்றார்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. இரவு வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரையும் போடாமல், மேல் தொட்டியில் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டோம். காலையில் மட்டம் அதே கோட்டில் நின்றது. ஆகவே மேல் தொட்டியிலிருந்து இறங்குகிற நல்ல தண்ணீர்க் குழாயில் கசிவு இல்லை. அடுத்தது கழிவுக் குழாய். கொல்லையில் இரண்டு சேம்பர்கள். கீழ் சேம்பரில் குழாய் வந்து சேரும் வாயை அடைத்து, மேல் சேம்பர் வழியாகத் தண்ணீர் நிரப்பினோம். அரை மணி நேரத்தில் ஒரு சாண் இறங்கிவிட்டது. போன தண்ணீர் இரண்டு மூடிக்கும் நடுவில் எங்கோ மண்ணுக்குள் போகிறது.

தோண்டும்போது காண்ட்ராக்டரும் இருக்க வேண்டும் என்று இன்ஜினியர் கண்டிப்பாகச் சொன்னார். அவர் இல்லாமல் தோண்டினால், தோண்டும்போதுதான் உடைந்தது என்று ஒரு பேச்சு கிளம்பும். வந்தார். அவருடைய ஆளே மூன்று வரிசை பேவர் பிளாக்கை எடுத்து, கையால் தோண்டினார். முக்கால் அடி ஆழத்திலேயே நான்கு இன்ச் குழாய் தெரிந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய இணைப்பு. துணி சுற்றி சிமெண்ட் பூசியது, அப்பா காலத்தில் யாரோ ஒட்டுப்போட்டது. காண்ட்ராக்டர் உடனே, "பாருங்க, இதுதான் ஒழுகுது. இதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை. உண்மையிலேயே அது மோசமான ஒட்டுதான்.

இன்ஜினியர் அந்த இணைப்பைச் சுற்றியிருந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உதிர்த்துக் காட்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. "இன்னும் மூணு அடி போங்க" என்றார். மூன்று அடி தள்ளி மண் கறுத்து, சேறாகி, நாற்றமடித்தது. அங்கே குழாயின் மேல்முகத்தில் நீளவாக்கில் விரிசல். ஜேசிபியின் சக்கரம் திரும்பிய இடம். மேலே இருந்த மண்ணை வழித்தெடுத்த பிறகு, மிச்சமிருந்த மெல்லிய மூடலின் மீது அத்தனை எடை ஏறியிருக்கிறது. பழைய ஒட்டு அத்தனை வருஷம் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"குழாய் இங்க போகுதுன்னு யாரும் சொல்லலையே" என்றார் அவர். அம்மாவுக்கு அது எந்த வழியாகப் போகிறது என்று தெரியாது, எனக்கும் தெரியாது. சொல்லவில்லைதான். ஆனால் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொல்லையில் ஒரே கோட்டில் இரண்டு சேம்பர் மூடிகள் பளிச்சென்று தெரிகின்றன. இரண்டுக்கும் நடுவில் குழாய் போகும் என்பது முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இயந்திரத்தை உள்ளே விடுவதற்கு முன் அந்தக் கோட்டில் கையால் ஒரு குழி தோண்டிப் பார்த்திருந்தால் போதும். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்; அவருக்குத் தெரியாவிட்டால் தோண்டுகிறவர் தேட வேண்டும். சொல்லவில்லை என்பது தேடாததற்குப் பதில் ஆகாது.

இன்னொன்றும் வெளியே வந்தது, இதில் வாதத்துக்கே இடமில்லை. பேவர் பிளாக் தரை வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். மூன்று மீட்டர் அகலத்தில், சுவரை விட்டு வெளியே போகப் போக மூன்று முதல் ஆறு சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இங்கே இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. துவைக்கிற தண்ணீர் முழுக்கச் சுவரடியில்தான் போய் நின்றிருக்கிறது. சுவர் ஈரத்துக்குக் குழாய் பாதி காரணம், இது பாதி. இதைப் பார்த்ததும் காண்ட்ராக்டர் எதுவும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அவரே ஒரு வரிசையைப் பெயர்த்துப் பார்த்தார்.

அன்று மாலையே கொல்லையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். குழாயை மாற்றுகிற கூலியும் தரையைப் பெயர்த்துத் திரும்பப் போடுகிற வேலையும் அவருடையது. குழாய், மணல், சிமெண்ட் எங்களுடையது, ஏனென்றால் ஜேசிபியைக் கேட்டது நான். சம்பைக் காலி செய்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்ய ஆளுக்குப் பாதி. மீதியிருந்த இருபது பங்கில் பத்து, வேலை முடிந்ததும். இன்னொரு பத்து, முதல் பெருமழையில் தண்ணீர் சுவர்ப் பக்கம் வராமல் ஓடுவதைப் பார்த்த பிறகு, அம்மா கையால். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தாளை முதல் நாளே எழுதியிருக்க முடியும், அன்றும் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

புதுக் குழாயை மணல் படுக்கையில் வைத்து, அதற்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு மஞ்சள் எச்சரிக்கை நாடாவைப் பதித்தார்கள். இனி யார் தோண்டினாலும் முதலில் நாடாதான் வரும். சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று அளந்து வரைந்து, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

தாளில் வராத ஒன்று மாமரம். அப்பா வைத்தது. மண் வழிக்கும்போது வீட்டுப் பக்கம் மணிக்கட்டுப் பருமனில் இரண்டு வேர்களை ஜேசிபியின் பற்கள் பிய்த்து எறிந்திருக்கின்றன. அன்று நான் அங்கேதான் நின்றிருந்தேன், பேசாமல் பார்த்துக்கொண்டு. "வேர் திரும்ப வந்துடும்மா" என்றார் அவர். மரத்துக்கு உணவு எடுக்கிற வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கும். நாங்கள் அதைத்தான் வழித்தோம். அடிமரத்தை ஒட்டி நெருக்கமாகப் போட்டிருந்த பேவர் பிளாக்கை எடுக்கச் சொல்லி, சுற்றிலும் ஐந்தடிக்கு மண்ணைத் திறந்துவிட்டோம். பிய்ந்த முனைகளை ரம்பத்தால் நேராக அறுத்து, சருகால் மூடினோம். இதற்கு என்ன நஷ்ட ஈடு கேட்பது? எந்த எண்ணைச் சொன்னாலும் அது தவறாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அம்மாவும் கேட்க வேண்டாம் என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மரம் சாய்கிறதா என்று தெரிய, ஒரு கிளையிலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே ஒரு கல்லைப் புதைத்துக் குறி போட்டேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் படம் அனுப்புகிறார்.

நான் திரும்பி வந்த மூன்றாவது வாரம் ஊரில் மழை பெய்தது. தண்ணீர் காம்பவுண்டு ஓரக் கால்வாயைப் பார்த்து ஓடுகிற வீடியோவை அனுப்பிவிட்டு, என்னைக் கேட்காமலே கடைசிப் பத்து பங்கைக் கொடுத்துவிட்டார் அம்மா. போன ஞாயிறு வந்த படத்தில் குண்டு குறிக்கு நேராகத்தான் நிற்கிறது. வீட்டுப் பக்கக் கிளையில் மட்டும் இலைகள் வெளுத்திருக்கின்றன. அம்மா அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.