மூலம் தொலையாமல் சேமிப்பது: வேபேக் மெஷினும் ஸொட்டேரோவும், மூன்று ஆண்டுப் பாவனைக்குப் பின்

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த ஆண்டு ஒரு இணையப் பக்கத்தில் 1622 என்றிருக்கும், இன்னொன்றில் 1624 என்றிருக்கும். இரண்டுக்கும் கீழே "நன்றி: இணையம்" என்பதுதான் ஆதாரம். திருகோணமலை பற்றிய எழுத்துகளைச் சேர்க்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலையிடி. இணையப் பக்கங்களின் பிரதியை நேரத்தோடு சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளமும், ஆதாரங்களைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ செயலியும் அதில் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதைச் சொல்கிறோம்.

கட்டுரை கண்ணில் பட்டால் வாசிக்க முன்னமே சேமித்துவிட வேண்டும். வேபேக் மெஷினில் சுட்டியை ஒட்டிச் சேமித்தால், 14 இலக்க நேரமுத்திரையோடு புதிய சுட்டி வரும். ஆண்டுக்கு 4 இலக்கம். மாதம், நாள், மணி, நிமிடம், வினாடிக்கு இவ்விரண்டு. பலர் சறுக்குவது இங்கேதான். அது உலகப் பொது நேரம்; நம் இலங்கை நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னே. திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு 16ஆம் திகதி அதிகாலை 3 மணிக்குச் சேமித்த பக்கம், 15ஆம் திகதி 21:30 என்றே பதியும். யார் முதலில் எழுதியது என்று பார்க்கும்போது இந்த ஒரு நாள் பழியை ஆள் மாற்றிப் போட்டுவிடும். இன்னொன்று, அது சேமித்த நேரம், வெளியான நேரம் அல்ல. பக்கம் அந்த நேரத்தில் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

பேஸ்புக் பதிவுகள் இதில் பெரும்பாலும் சிக்காது. உள்நுழையச் சொல்லும் பக்கம்தான் பதிவாகும். சேமித்த கையோடு பிரதியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஸொட்டேரோவின் பிரவுசர் நீட்சியை ஒருமுறை தட்டினால் தலைப்பு, சுட்டி, பார்த்த திகதி எல்லாம் பதிந்து, பக்கத்தின் பிரதியும் கணினியில் இறங்கும். வெளியான திகதிக்கும் பார்த்த திகதிக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு, கலக்கவே கூடாது. 'எக்ஸ்ட்ரா' கட்டத்தில் வேபேக் சுட்டியையும், யார் வழியாகக் கிடைத்தது என்பதையும் எழுதுவோம். ஸொட்டேரோ இணையத்தில் தரும் இலவச இடம் 300 எம்பிதான். பழைய பத்திரிகை ஸ்கேன்களைப் போட்டால் சீக்கிரமே நிறைந்துவிடும். குழுவாகப் பாவித்தால் கோப்புகளின் பாரம் குழு உரிமையாளரின் கணக்கில் ஏறும். பெரிய பிடிஎஃப்களை வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்து, பதிவுகளை மட்டும் ஒத்திசைத்தால் பிரச்சினை இல்லை.

தமிழுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்த பழைய பக்கங்கள் வேபேக்கில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பிரதி கெட்டுவிடவில்லை. யூனிகோடுக்கு மாற்றியதைத் தனிக் கோப்பாக வைத்து, மூலத்தைத் தொடாமல் விடுங்கள். அடுத்தது 'கொ'. அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கோ வேறு வேறு சொல். சில தேடல்களில் ஒன்று வரும், மற்றது வராது. அதனால் தேடும் சொற்றொடரில் கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பதற்கு எழுத்துப்பிழையைப் போல நல்ல தடயம் வேறில்லை. சரியான வாக்கியத்தை யாரும் எழுதலாம். 'கன்னியா வெந்நீரூற்று' 'வென்னீரூற்று' ஆகி, அதே வரியில் அதே இடத்தில் ஒரு காற்புள்ளியும் விடுபட்டு மூன்று தளங்களில் இருந்தால், ஒன்று மற்றதன் பிரதி. அந்த ஆறேழு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, ஒவ்வொரு தளத்தின் மிகப் பழைய வேபேக் பிரதியையும் ஒப்பிடுங்கள். முந்திய பிரதியே மூலம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வேபேக் ஒரு தளத்தைப் பிந்திக் கண்டிருக்கலாம்.

பகிரும்போது கோப்போடு அதன் எஸ்எச்ஏ-256 (SHA-256) எண்ணையும் அனுப்புகிறோம். அது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை போன்றது. 64 எழுத்து, கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸில் 'சேர்ட்யூட்டில்' (certutil) கட்டளையே கணித்துத் தரும். படங்களை வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்ப வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் எடுத்த திகதி முதலான உள்விவரம் அழிந்துபோகும்.

இணையப் பிரதிகளின் சங்கிலி ஒரு அச்சு நூலில் போய் முடிந்தால், 2005 முதல் இயங்கும், ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று பார்த்து, அதன் நூலக எண்ணையும் பக்க எண்ணையும் ஸொட்டேரோப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.