தார் ஜீப்பா, பிக்கப்பா? உப்புக்கரையில் ஒரு கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் வண்டியை முதலில் தின்பது உப்புதான். மணலெல்லாம் அதற்குப் பிறகு. ஜீப்பைக் கொடுத்துவிட்டு பிக்கப் எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் குதிரைத்திறனையும் மணலில் ஏறும் திறனையும் வைத்துப் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வலை, ஐஸ் பெட்டி, கடற்பாசி மூட்டை, கருவாட்டுக் கூடை என்று சொட்டச் சொட்ட இருக்கும் சரக்கு, வாரத்தில் எத்தனை நாள் வண்டியில் ஏறுகிறது? பதில் இரண்டு நாளைத் தாண்டினால் பிக்கப் பக்கம் போகலாம். மாதத்துக்கு ஒருமுறை என்றால் ஜீப்பை விற்க வேண்டிய அவசியமே இல்லை.

காரணம் எளிது. ஜீப்பில் சரக்கும் ஆளும் ஒரே அறைக்குள். பின் சீட்டை மடித்து ஐஸ் பெட்டியை வைத்தால், உருகும் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஃபோமில் ஊறி நிற்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் தகடு பழுப்பேறிக் கிடக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்த ஃபோம் தானாகக் காய்வதும் இல்லை. சீட்டுக்கு அடியில் ஓடும் வயர் கனெக்டர்களில் பச்சை பூக்க ஆரம்பித்தால் முதலில் ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு சென்டர் லாக் மக்கர் செய்யும். பிக்கப்பில் இந்த ஈரம் மொத்தமும் கேபினுக்கு வெளியே, ஒரு தகரத் தொட்டியில் நிற்கிறது. ஹோஸ் பிடித்துக் கழுவி விடலாம். இந்தக் கரையில் பிக்கப்பின் உண்மையான லாபம் இதுதான். எடை தூக்குவது இரண்டாவது.

மூன்று வண்டிகளை வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் 2020-இல் வந்த மூன்று கதவு மகிந்திரா தார், டீசல், 4 வீல் டிரைவ். எதிர்ப்பக்கம் ஈசூசு டி-மேக்ஸ் வி-கிராஸும் டொயோட்டா ஹைலக்ஸும். தார் 2.2 லிட்டர், 130 குதிரைத்திறன். வி-கிராஸ் 1.9 லிட்டர், 163. ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204. அதில் ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இழுவிசை 500 நியூட்டன் மீட்டர். இந்த மூன்று எஞ்சினும் நம் ஊர் வேலைக்குத் தாராளம் என்பதால் எஞ்சின் எண்களை இத்தோடு விட்டுவிடலாம். மூன்றும் தனிச் சேஸிஸ் மேல் உடம்பைப் பொருத்திய வண்டிகள். 4 வீல் டிரைவ் வகையில் வேகமான 4எச், மெதுவான, விசை கூடிய 4எல் மூன்றிலும் உண்டு. மூன்றுமே தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரத்தைச் சேர்க்கும் வகை. அதனால் காய்ந்த தார்ச்சாலையில் 4எச் போட்டு வளைக்கக் கூடாது, கியர் பெட்டியும் ஜாயிண்டும் முறுக்கிக்கொள்ளும்.

நீளம்தான் மாற்றத்தை முதல் நாளே காட்டும். தார் 3,985 மில்லிமீட்டர். வி-கிராஸ் 5,295, ஹைலக்ஸ் 5,325. நான்கடிக்கு மேல் கூடுதல். முன் பின் சக்கரங்களுக்கு இடையே தாரில் 2,450, பிக்கப்புகளில் 3,085-உம் அதற்கு மேலும். ராமேஸ்வரம் கோயில் வீதிகளிலும் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கமும் தார் ஒரே மூச்சில் திரும்பும் இடத்தில் பிக்கப்புக்கு இரண்டு ரிவர்ஸ் வேண்டும். சந்துக்குள் வீடு இருப்பவர்கள் முன்பணம் கட்டும் முன், ஷோரூம் வண்டியை ஒருமுறை வாசல் வரை கொண்டுவந்து திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

மணலில் என்ன நடக்கும்

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டதால் தனுஷ்கோடிக்கு இப்போது எந்தக் காரும் போகும். மணல் ஓட்டம் மிச்சமிருப்பது மீன் இறக்கும் கரைகளுக்குப் போகும் தடங்களிலும் பனங்காட்டுப் பாதைகளிலும்தான். இங்கே தார் தெளிவாக மேலே. குட்டை உடம்பு, முன்பக்கம் ஏறும் கோணம் 41 டிகிரி, பின்பக்கம் 36. ஹைலக்ஸுக்கு அது 29, 26. மணல் மேட்டின் முகட்டில் பிக்கப் வயிறு தட்டும், இறங்கும்போது பின் பம்பர் உரசும்.

அதைவிடப் பெரிய சிக்கல் காலி பிக்கப்பின் பின்பக்கம் பாரம் இல்லாதது. எஞ்சினும் கேபினும் முன்னால், பின்னால் வெறும் தொட்டி. பின் சக்கரத்துக்குப் பிடிமானம் போதாமல் சுழன்று குழி பறிக்கும். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே 150 கிலோ வைத்துக் கட்டினால் அதே வண்டி அதே தடத்தில் அலட்டாமல் போகும். டெயில்கேட் ஓரத்தில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும், ஆகவே இடம் முக்கியம். ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியலை, அதாவது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரப் பெட்டியை, பூட்ட ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு சக்கரம் தொங்கும் நிலையில் அது பெரிய துணை, ஆனால் பூட்டியபடி வளைக்கக் கூடாது.

மணலில் இறங்கும் முன் கெட்டித் தரையில் நிறுத்தி, டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்க வேண்டும். காலி பிக்கப்பில் பின் டயரை 16 வரை கொண்டுபோகலாம். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் சுழலும் நேரம் பார்த்து அது எஞ்சின் விசையைக் குறைத்து வண்டியை உட்கார வைத்துவிடும். நிறுத்தும்போது பிரேக் வேண்டாம், தானாக உருண்டு நிற்கட்டும். பிரேக் அடித்தால் முன் டயருக்கு முன்னால் மணல் குவிந்து அதுவே தடையாகும். காற்று குறைவாக இருக்கையில் ஸ்டீயரிங்கைச் சடாரென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஏறி வந்ததும் காற்றை நிரப்பாமல் ஹைவேயில் ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

புதைந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். டயருக்கு முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கு அடியிலும் மணலை வாரி, காற்றை 12-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்தால் பாதித் தடவை அதுவே போதும். டயருக்கு அடியில் என்ன போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். கைக்குக் கிடைக்கிறது என்று பனை மட்டையைப் போடுவது இங்கே வழக்கம். அதன் இரண்டு விளிம்பிலும் ரம்பம் மாதிரி கருக்கு இருக்கிறது. காற்று இறக்கிய டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும்போது அந்தக் கருக்கு நேராக அதில்தான் பாயும். தென்னை மட்டையோ கிழிந்த சாக்கோ போதும். பழைய வலை கூடவே கூடாது. ஆக்சிலில் சுற்றி அதன் ரப்பர் உறையை அறுத்துவிடும்.

உப்பளப் பக்கம் இன்னொரு ஆபத்து. மேலே வெள்ளையாகக் காய்ந்து ஓடு மாதிரி கிடக்கும், ஒரு விரல் கனத்துக்குக் கீழே கருஞ்சேறு. இங்கே எடைதான் எதிரி, ஆகவே இரண்டு டன்னைத் தொடும் பிக்கப் தாரைவிட முன்னதாக உடைத்துக்கொண்டு இறங்கும். காலால் மிதித்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் விட வேண்டாம். மணல் மேடுகளின் மேலும் அலையோரத்திலும் ஓட்டுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது. ஒரு டயர் தடம் போதும், பொரித்து வரும் குஞ்சு அதில் சிக்கிக் கடலுக்குப் போய்ச் சேராது.

ஸ்டெப்னி எங்கே தொங்குகிறது

வாங்குகிறவர்கள் பார்க்கத் தவறுவது இது. தாரில் ஸ்டெப்னி பின்கதவில் மாட்டியிருக்கிறது. பிக்கப்பில் தொட்டிக்கு அடியில், சங்கிலி வின்ச்சில் தொங்குகிறது. சீமைக்கருவேல முள் இல்லாத ஒரு கிராமத் தடம் இந்த மாவட்டத்தில் கிடையாது. பஞ்சர் ஆவது உறுதி, அதுவும் வண்டி மணலில் வயிறு பதிந்து நிற்கும்போது ஆனால் ஸ்டெப்னியைக் கழற்ற அடியில் இடமே இருக்காது. உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு அந்தச் சங்கிலி துருவேறி இறுகிவிடுவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டெப்னியை முழுதாக இறக்கி, சங்கிலிக்கும் வின்ச்சுக்கும் கிரீஸ் வைத்து ஏற்றினால் இந்தத் தொல்லை வராது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்று வேண்டும். கருவேல முள் பக்கச் சுவரில் ஏறினால் ஒட்டுப் போட முடியாது என்பதால் டயர் மாற்றும்போது பக்கச் சுவர் கனமான ஏ.டி. (ஆல்-டெரெய்ன்) வகை எடுப்பது நல்லது.

எவ்வளவு ஏற்றலாம்

பிக்கப் என்றாலே ஒரு டன் என்று நினைத்து வாங்கி ஏமாறக் கூடாது. வி-கிராஸும் ஹைலக்ஸும் ஐந்து பேர் உட்காரும் வண்டிகள். ஆர்.சி.யில் மொத்த எடை, வெறும் எடை என்று இரண்டு எண் இருக்கும். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது ஆளுக்கும் சரக்குக்கும் சேர்த்து. ஐந்து பேர் ஏறினாலே 350 கிலோ போய்விடும், மிச்சம்தான் தொட்டிக்கு. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ. நான்கு டிரம் நிறுத்த இடம் இருக்கிறது என்பதால் நான்கையும் நிரப்பிவிட முடியாது. தினம் ஒரு டன் என்பவர்களுக்கு இந்த இரண்டுமே தவறான வண்டி. பொலிரோ கேம்பரோ, ஈசூசுவின் எஸ்-கேபோ சரக்கு வாகனப் பதிவில் எடுப்பதுதான் முறை, விலையும் குறைவு.

தொட்டி நீளம் சுமார் ஐந்தடி. வீல் மேடுகளுக்கு நடுவே மூன்றரை அடி. ஐஸ் பெட்டி, அவுட்போர்ட் மோட்டார், முண்டு மிளகாய் மூட்டை எல்லாம் அடங்கும். மண்டபம் பக்கம் பாசி வளர்ப்பு மிதவைக்கு வாங்கும் 12 அடி மூங்கில் அடங்காது. பின்னால் ஏழடி நீட்டிக்கொண்டு போவது குற்றம், ஆபத்தும்கூட. தொட்டியில் ஆள் ஏற்றுவதும் அப்படியே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

குடும்பத்துக்கு எது? மூன்று கதவு தாரில் வயதானவர்கள் சேலையோடு பின் சீட்டுக்கு ஏறுவது பெரும் பாடு, பிக்கப்பில் நான்கு கதவு. ஆனால் காலியாக இருக்கும்போது பின்பக்கப் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) கல்லு மாதிரி இருப்பதால் மதுரை ஆஸ்பத்திரி வரை போய் வந்தால் இடுப்பு பேசும். குடும்பம் மட்டுமே காரணம் என்றால் 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் போதும், பிக்கப் வேண்டியதில்லை. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் பாம்பன் பாலத்தின் மேல் நீளமான பிக்கப் தாரைவிட நிதானமாக நேர் பிடித்துப் போகும், தார்ப்பாய் மட்டும் இறுகக் கட்டியிருக்க வேண்டும்.

உப்பைக் கழுவும் முறை

கேபின் தப்பித்தாலும் பிக்கப்புக்குத் துருப்பிடிக்கும் இடங்கள் வேறு. முதல் இடம் பட்டை வில். தாரின் பின்பக்கம் காயில் சுருள், உப்பு தங்க இடுக்கு இல்லை. பட்டை வில்லில் தகட்டுக்குத் தகடு இடுக்கு. அங்கே போன உப்பு வெளியே வராது. கிரீச் சத்தம் அதன் முதல் அறிகுறி. இரண்டு தகடுகளுக்கு இடையே கிரீஸ் தடவுவது தீர்வாகாது, மணல் ஒட்டி அரம் மாதிரி தேய்க்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, மெழுகு வகை ஸ்பிரேயை விளிம்புகளில் அடிக்க வேண்டும். பட்டை வில்லை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ-போல்ட் இறுக்கத்தை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தொட்டிக்குள் போடும் பிளாஸ்டிக் லைனர். சரக்கு உரசாமல் காப்பது போலத் தெரியும், ஆனால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே உப்புத்தண்ணீரும் மணலும் சிக்கி பெயின்டை அரைக்கும். ஸ்பிரே முறையில் பூசும் லைனர் இந்தக் கரைக்கு ஏற்றது. ஏற்கெனவே பிளாஸ்டிக் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, மூலைகளில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், புஷ் ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிடும். சேஸிஸ் பெட்டிக்குள் மெழுகு அடிப்பதுதான் சரி.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். கரையோர ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும். அதே திட்டுதான் பிரேக் பைப்பிலும் படிகிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். பேனாவால் அளந்து பாருங்கள். பேனா காட்டும் எண் 2,000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் சேற்றை மட்டும் போக்கும், உப்பைப் போக்காது. கடைசி அலசலுக்கு 30 லிட்டர் காவிரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஒதுக்கி, சேஸிஸ் உட்புறம், பட்டை வில், பிரேக் பைப், ஸ்டெப்னி வின்ச் என்ற வரிசையில் ஊற்றுங்கள். உப்பு பட்ட அன்றைக்கே செய்ய வேண்டும். உயர் அழுத்தக் குழாயை வீல் ஹப் சீலுக்கும் வயர் கனெக்டருக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகை மழையில் தரைப்பாலத்து வெள்ளத்தைக் கடக்க தாருக்கு 650 மில்லிமீட்டரும் ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டரும் கம்பெனி சொல்லும் அளவு. அது அசையாத தண்ணீருக்கு. இழுப்பு இருந்தால் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் முங்கியதும் உள்காற்று சுருங்கி, பிரீதர் என்ற மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் டிஃபரன்ஷியலின் ஆயில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். பிக்கப்பில் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், நடுவில் ஒரு பேரிங்கும் உண்டு. கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை அடியுங்கள், வெளியே வருவது துரு நிறத்தில் இருந்தால் புதுக் கிரீஸின் நிறம் தெரியும் வரை நிறுத்த வேண்டாம்.