வி.ஐ.டி.யா, எஸ்.ஆர்.எம்.மா: முதலில் ரேங்க்கைப் பாருங்கள்

காட்பாடி வி.ஐ.டி.க்கு அனுப்புவதா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் சேர்ப்பதா? பிளஸ் டூ முடிந்த வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் பட்டிமன்றம் இது. வேலூர் வி.ஐ.டி. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, எஸ்.ஆர்.எம். அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டும் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 2024 தேசியத் தரவரிசையின் பொறியியல் பட்டியலில் வி.ஐ.டி. 11, எஸ்.ஆர்.எம். 13. இந்த இரண்டு படிக்காக யாரும் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டியதில்லை.

உண்மையான இடைவெளி வி.ஐ.டி.க்கு உள்ளேயே இருக்கிறது. நுழைவுத் தேர்வு ரேங்க்கைப் பொறுத்து அங்கே ஐந்து கட்டணப் பிரிவுகள். கணினி அறிவியலுக்கு முதல் பிரிவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம். ஐந்தாம் பிரிவில் சுமார் 5 லட்சம். வகுப்பும் ஒன்று, பட்டமும் ஒன்று, வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களும் அவையேதான். ஆனால் நான்கு ஆண்டில் 12 லட்சம் வித்தியாசம். விடுதியும் மெஸ்ஸும் தனிக்கணக்கு.

எஸ்.ஆர்.எம்.மில் கட்டணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடுக்கும் பாடப்பிரிவு. கணினி சார்ந்தவற்றுக்கு அதிகம், சிவில், மெக்கானிக்கலுக்குக் குறைவு. நல்ல ரேங்க் இருந்தால் உதவித்தொகை கேட்கலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். இரண்டு இடத்திலும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் தரும் வேலையை ‘சூப்பர் ட்ரீம்’ என்கிறார்கள். விளம்பரப் பலகையில் சிரிப்பவர்கள் அவர்கள்தான். பலகையில் இடம் கிடைக்காத பலர் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்களில் மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளத்தில் சேர்கிறார்கள். 20 லட்சம் கல்விக்கடனை பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 27,000 ரூபாய். 3.36 லட்சம் ஆண்டுச் சம்பளம் என்றால் மாதம் 28,000, அதுவும் பிடித்தம் போவதற்கு முன்பு. பிள்ளை சாப்பிடுவது எதை வைத்து?

ஆகவே உச்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். தரவரிசைக்காகக் கல்வி நிறுவனங்கள் கொடுக்கும் விவரங்களை அவற்றின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. உங்கள் பிள்ளை அவருக்குப் பக்கத்தில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எஸ்.ஆர்.எம்.முக்கு ஒரு பலம் உண்டு, அதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை: பொத்தேரி ரயில் நிலையம் வாசலில் இருக்கிறது. தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ வீடு என்றால் மின்சார ரயில் பாஸ் போதும். விடுதிச் செலவு மிச்சம். வி.ஐ.டி.யின் பலம் வேறு. எந்த ஆசிரியரிடம், எந்த நேரத்தில் படிப்பது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். நல்ல ஆசிரியரைப் பிடிக்க, பதிவு திறக்கும் நிமிடத்தில் மடிக்கணினியோடு தவம் கிடக்க வேண்டும் என்பது வேறு கதை.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு பிரிவுக்குள் வந்தால் வி.ஐ.டி. நான்கு, ஐந்து என்றால், புறநகர் ரயில் தடத்தில் வீடு இருப்பவர்களுக்கு எஸ்.ஆர்.எம். அந்த ரேங்க்கும் அந்த வீடும் இல்லாமல் மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ முழுக் கட்டணம் கட்டி வருபவர்கள், அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைக்கட்டும். முதல் பட்டதாரிச் சலுகை அந்த வழியில்தான் கிடைக்கும்.