தண்டையார்பேட்டை வேலை ஆலோசனை மையம்: சிவிக்கு மட்டும் போகலாம்

பொது சுகாதாரத்தில் பிஎச்.டி. முடித்த கையோடு 1,500 ரூபாய் கட்டிப் போனேன். ஆலோசகர் ‘எபிடெமியாலஜி’ (நோய்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் துறை) என்பதைப் பார்த்துவிட்டு “தோல் டாக்டரா மேடம்?” என்றார், அப்புறம் கல்லூரி விரிவுரையாளர் வேலைகளை மட்டும் நீட்டினார். கேட்டால், மாநகராட்சி சுகாதார அலுவலர் பதவிக்கு எம்.பி.பி.எஸ். வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அயப்பாக்கம் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இரண்டும் ஒப்பந்த அடிப்படையில் புராஜெக்ட் விஞ்ஞானிகளை எடுக்கின்றன, சென்னையிலேயே இருக்கும் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மனசு கஷ்டமாகிவிட்டது.

ஆனால் சிவி எழுதித் தரும் அந்தத் தங்கச்சி அருமை. பன்னிரண்டு பக்கத்தை இரண்டாக்கி, கட்டுரைப் பட்டியலைக் கீழே தள்ளி, புள்ளிவிவர ஆய்வு, களப்பணி இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு மேலே ஏற்றினார். அவரிடம் மட்டும் போங்க.