ஜப்பானியப் பச்சிளங்குழந்தைச் செவிலியருக்கான உயர்பயிற்சி: ஒரு மதிப்பீடு

ஜப்பானில் 2015 அக்டோபரில் தொடங்கிய ‘குறிப்பிட்ட மருத்துவச் செயல்களுக்கான செவிலியர் பயிற்சி’யை, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரின் தேவையை அளவுகோலாகக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். பயிற்சி முடித்தவர், மொத்தம் 38 செயல்களுள் தாம் தேர்ந்து கற்றவற்றை, மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்த நெறிமுறைக்கு உட்பட்டு, ஒவ்வொரு முறையும் உத்தரவுக்குக் காத்திராமல் செய்யலாம்.

இதன் அருமை 700 கிராம் எடையுள்ள குறைமாதக் குழந்தையின் அருகில் நிற்பவருக்குத் தெரியும். அதன் மூச்சுக்குழலில் இருப்பது 2.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய். அது ஒரு சென்டிமீட்டர் கீழிறங்கினாலே காற்று வலது நுரையீரலுக்கு மட்டும் போய், இடது நுரையீரல் சுருங்கத் தொடங்கலாம். மார்பின் அசைவு மாறுவதைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் செவிலியரே. குழாயின் இருப்பைச் சரிசெய்வதும், சுவாசக் கருவியின் அளவுகளை மாற்றுவதும் அந்த 38-இல் அடங்கும் என்பதால், கண்டவரே உடனே கைவைக்க வழி பிறக்கிறது.

பொதுப் பாடங்கள் 250 மணி நேரம். நோய்க்குறிகளிலிருந்து காரணத்தை நோக்கிச் சிந்திக்கும் முறை, உடற்பரிசோதனை, மருந்தியல் ஆகிய மூன்றுக்கும் தலா 45 மணி நேரம் ஒதுக்கியிருப்பதையே பயிற்சியின் உயிர்நாடியாகக் கருதுகிறேன். கைத்திறனுக்கு முன்பாக முடிவெடுக்கும் திறனை வளர்ப்பதுதான் சரியான வரிசை.

ஆனால் முதியோர் பெருகிய சமூகத்தின் இல்லப் பராமரிப்பை மனத்தில் கொண்டு உருவான திட்டம் இது என்பது பட்டியலைப் பார்த்தாலே புலப்படுகிறது. படுக்கைப்புண்ணின் அழுகிய திசுவை நீக்குவதற்கு அதில் இடமுண்டு. தொப்புள் சிரையில் வடிகுழாய் செலுத்துவதற்கும், மூச்சுக்குழலில் குழாய் செருகுவதற்கும் இடமில்லை. 1991 முதல் 22 வாரத்தையே கருப்பைக்கு வெளியே உயிர்பிழைக்கக்கூடிய எல்லையாகக் கொண்டுள்ள நாட்டில் இது பெருங்குறை. செயல் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்து நோயாளிகளிடம் செய்முறைப் பயிற்சி வேண்டும் என்ற விதியும் இங்கே கடினமானது. மீண்டும் மீண்டும் ஊசி குத்தினால் தாங்காத உடல்கள் இவை.

ஜப்பானியச் செவிலியர் சங்கம் 2020 முதல் தன் சான்றிதழ் படிப்புகளின் புதிய பாடத்திட்டத்தில் இப்பயிற்சியை இணைத்துள்ளது. ஐந்தாண்டு அனுபவமும், அதில் மூன்றாண்டு இத்துறையிலும் உள்ளவர்கள், தனிப் பயிற்சியைவிட அந்த வழியையே தேர்ந்தெடுப்பது நல்லது. நெறிமுறை எழுதித் தர முன்வரும் மருத்துவர் தம் பிரிவில் இருக்கிறாரா என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.