நிலையான வட்டிக்காலம் முடிந்தால்: அதே வங்கியா, வேறு வங்கியா?

வீட்டுக் கடனின் நிலையான வட்டிக்காலம் முடிந்ததும், பெரும்பாலும் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். வீதத்தோடு (வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் வட்டியின் சராசரி) வங்கியின் மேலதிக வீதமும் சேர்ந்த மாறும் வட்டி தொடங்கும். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வட்டிகள் பின்தொடரும் கொள்கை வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியதை மறந்துவிட வேண்டாம்.

அதே வங்கியில் புதிய நிலையான வீதம் கேட்பது சுலபம். ஈட்டு உறுதி (வீட்டை வங்கிக்கு ஈடு வைத்த பத்திரம்) அப்படியே இருக்கும். பெரும்பாலும் ஒரு கடிதமும் கையொப்பமும்தான். ஆனால் கேட்காமல் எவரும் குறைத்துத் தரமாட்டார்கள். காலம் முடிய மூன்று மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

வேறு வங்கிக்குப் போனால் கணக்கு வேறு. மீதி 50 இலட்சம், 10 வருடம் என்று வையுங்கள். 14% வட்டிக்கு மாதத் தவணை ஏறத்தாழ 77,600 ரூபாய். 12% என்றால் 71,700. மிச்சம் 5,900. முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம் 3% என்றால் 1,50,000. மதிப்பீடு, நொத்தாரிசு, பதிவுச் செலவு 75,000 என்றால், போட்ட காசு திரும்ப 38 மாதம்.

வேலை இழுபடுவது இந்த ஈட்டு உறுதியில்தான். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ காணிப் பதிவகத்தில் பழைய ஈடு விடுவிக்கப்பட்டது தோம்பில் (காணிப் பதிவேட்டில்) ஏறாவிட்டால் புதிய வங்கியின் காசு தாமதமாகலாம். பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால், விண்ணப்பத்துக்கு முன்பே அந்த வங்கி அதை ஈடாக ஏற்குமா என்று கேளுங்கள். மதிப்பீட்டாளருக்குக் கட்டிய காசு திரும்பாது.