சென்னைப் புறநகர்க் கழிவுநீர்: பாதாளச் சாக்கடையா, லாரியா, வளாகச் சுத்திகரிப்பா?

2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, புதிதாகச் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை. அடுக்குமாடிகளோ அதற்குள் எழும்பத் தொடங்கிவிட்டன. செப்டிக் டேங்கும் லாரியும், வளாகத்துக்குள்ளேயே அமையும் சுத்திகரிப்பு நிலையம், தெருவில் பதிக்கும் பாதாளச் சாக்கடை ஆகிய மூன்றில் எது எங்கே பொருந்தும் என்பது புறநகர்வாசியின் குடிநீரையே பாதிக்கும் கேள்வி.

முதலில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்றும், அதில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராகும் என்றும் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 4,000 பேர் வாழும் குடியிருப்பிலிருந்து ஒரே நாளில் 4,32,000 லிட்டர் வெளியேறும். அதை 9,000 லிட்டர் கொள்ளும் லாரியில் அகற்ற 48 நடை ஆகும். சுத்திகரிப்பு நிலையம் தொலைவில் இருந்து, நடைக்குத்தான் கூலி என்றும் இருந்தால், மழைநீர் வடிகாலிலோ ஏரிக்கரையிலோ கழிவைத் திறந்துவிடும் தவறு நிகழாமலிருக்க வழியில்லை. ஆகவே அடுக்குமாடிக்கு லாரி ஒருபோதும் நிரந்தர ஏற்பாடாகாது.

தனி வீடுகள் விலகி நிற்கும் இடங்களுக்குச் செப்டிக் டேங்கும் லாரியும் பொருந்தும். ஆனால் செப்டிக் டேங்க் திடக்கழிவைப் படியவைக்குமே தவிர, நீரை முழுமையாகச் சுத்திகரிக்காது. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் கடலோரப் பகுதிகளில் உறிஞ்சுகுழியின் நீர் பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்றுவதையும், அது சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைவதையும் உள்ளாட்சி அமைப்பே கண்காணித்தாக வேண்டும்.

வளாகச் சுத்திகரிப்பின் பெரிய நன்மை, நீர் பிறந்த இடத்திலேயே மீண்டும் பயன்படுவது. கழிவறைக்கும் தோட்டத்துக்கும் அதைத் தருவதற்குத் தனிக்குழாய் வேண்டும். கட்டும்போதே பதிக்காவிட்டால் பிறகு சுவரை உடைக்க நேரும். இதைவிடக் கடினமானது பராமரிப்பு. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு இடைவிடாமல் காற்று செல்ல வேண்டும். மின்கட்டணத்தைக் குறைக்கக் காற்றூதியை நிறுத்தினால் அவை மடிந்து, சில நாள்களிலேயே நாற்றம் எழும். கட்டுநர் நிலையத்தை ஒப்படைத்துவிட்டுச் சென்றபின், குடியிருப்போர் சங்கம் தேர்ந்த இயக்குநரை அமர்த்துமா என்பதைப் பொறுத்தே இது நிற்கும் அல்லது விழும்.

பாதாளச் சாக்கடை நெருக்கமான பகுதிகளுக்கு உரியது என்பதே என் முடிவு. கழிவுநீர் சரிவில் தானாக ஓட வேண்டும். சென்னையோ தட்டையான நிலம். ஆகவே குழாய் விரைவில் ஆழத்துக்குச் சென்றுவிட, இடையிடையே உந்துநிலையங்கள் தேவைப்படுகின்றன. மழைநீர் இணைப்புகள் கள்ளத்தனமாகச் சேர்ந்தால் அவை திணறி, தெருவிலேயே கழிவு பொங்கும். எனினும் பெரிய நிலையத்தால் மட்டுமே முடிகிற காரியங்கள் உண்டு. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள், அதாவது ஏற்கெனவே சுத்திகரித்த நீரை மேலும் தூய்மையாக்கும் நிலையங்கள், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்குத் தரும் திறன் கொண்டவை. ஏரிகள் வறண்டுபோன அந்த ஆண்டில் இதன் அருமையைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றையும் ஒப்பிடும்போது செலவுப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றை நான் முதலில் கேட்பேன்: அடைப்பெடுக்க மனிதர் உள்ளே இறங்க வேண்டியிருக்குமா? மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் நச்சுவாயுவால் உயிர்கள் போகின்றன. தெருவின் குழாய்க்காவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் இயந்திரம் வரும். வீட்டுத் தொட்டியையும் வளாகத் தொட்டியையும் திறப்பவரைக் கண்காணிக்கப் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

இனி விரியும் பகுதிகளில், எல்லாக் கழிவையும் நெடுந்தொலைவு உந்திச் செல்வதைவிட, ஒவ்வொரு வடிநிலத்தின் தாழ்ந்த பக்கத்திலும் வாரியமே இயக்கும் நடுத்தர நிலையம் அமைப்பது நல்லது. அதற்கான நிலத்தை மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே ஒதுக்க வேண்டும். வீடுகள் எழும்பிவிட்டால், அந்தத் தாழ்ந்த பக்கத்தில் மிஞ்சியிருப்பது ஏரி மட்டுமே.